சிவப்புச் சரிவு

வார்டில் எனக்கு முட்டுகள்தான் கணக்கு.
டிசம்பர் பிறந்தால் ஹெலிகாப்டரில் வரும்,
ஆம்புலன்ஸில் வரும், புருஷன் தோளில் நொண்டி வரும்.
எந்தச் சரிவில் விழுந்தீர்கள் என்று கேட்பேன்.
படிவத்தில் அப்படி ஒரு கட்டம் உண்டு.
நீலம் என்று சொல்பவர்கள் குறைவு,
அவர்கள் விழுவதே உட்காருவது மாதிரி.
கறுப்பு என்பவர்கள் அதைவிடக் குறைவு.
சிவப்பு. சிவப்பு. சிவப்பு.
கொஞ்சம் தெரிந்தவர்களின் சரிவு.

மூன்றாம் குளிர்காலத்தில்
நானும் கொஞ்சம் தெரிந்தவள் ஆனேன்.
வாடகை பூட்ஸ், இன்னொரு நர்ஸின் பழைய ஜாக்கெட்,
உள்ளே மார்த்தாண்டத்தில் வாங்கிய ரெண்டு பனியன்.
(பனிக்குப் பனியன், சிரித்துக்கொள்ள ஆளில்லை.)
கம்பியில் தொங்கும் நாற்காலி
உச்சியில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனது.
சிவப்பு வட்டம் போட்ட கம்பங்கள். எண் பதினேழு.
கூட வந்த லூக்காஸ் சொன்னது ஒன்றே ஒன்று:
பள்ளத்துக் காலில் பாரம் வை.
உடம்பு மேட்டைப் பிடித்துக்கொள்ளத்தான் சாயும்,
சாய்ந்தால் போச்சு.
எந்தப் பக்கம் பயமோ
அந்தப் பக்கம் உடம்பைக் கொடு.
பதினேழை முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.
ஆறு வயசுப் பிள்ளைகள்
கொக்கு வரிசையாய் என்னைக் கடந்து போயின.

தை மாசம், லீவு.
களியலுக்கு மேலே சித்தப்பாவின் ரப்பர் தோட்டம்
இலை கொட்டி நிற்கிறது.
மேலே வெறும் குச்சி,
கீழே கணுக்கால் புதையச் சிவப்பு.
நின்று பார்த்தேன். பதினேழேதான்.
அதே சாய்வு, நடுவில் அதே முதுகு,
இடப்பக்கம் வளைந்து ஓடைக்கு இறங்கும் அதே கழுத்து.
ஏற்றிவிட நாற்காலி மட்டும் இல்லை.

ஒருத்தரும் பார்க்கவில்லை.
முழங்காலை மடக்கினேன்,
இல்லாத கம்புகளைக் கையில் பிடித்தேன்.
குறுக்கே ஒரு கோடு, திருப்பம்.
குறுக்கே ஒரு கோடு, திருப்பம்.
இலை வழுக்கி வழுக்கிக் கொடுத்தது,
காதோரம் காற்றுகூட வந்தது.
நாலாவது திருப்பத்தில், இலைக்கு அடியில்,
ஆவணியில் வெடித்த ரப்பர் கொட்டைகள்.

ஆனைக்கும் அடி சறுக்கும், சரி.
ஆனை என்ன
ஹவாய் செருப்பு போட்டுக்கொண்டா இறங்குகிறது?

மல்லாந்து கிடந்து என்னையே சோதித்தேன்.
கணுக்கால் அசைகிறது.
முட்டின் உள்பக்கம் வலி இல்லை.
எந்தச் சரிவு?
சிவப்பு.

மேலேயிருந்து ஞானசெல்வபாய் இறங்கி வந்தாள்.
என் வயசுதான். முந்நூறு மரம் அவள் வெட்டு.
ரெண்டு கையிலும் பால் வாளி,
ஒன்று விளிம்பு வரை, ஒன்று பாதி.
சிரட்டையை வழித்துக் கவிழ்த்துவிட்டு
பக்கவாட்டில் திரும்புவாள்,
பள்ளத்துக் காலை ஊன்றுவாள்,
பாரம் முழுக்க அதற்குக் கொடுத்த பிறகுதான்
மற்றக் காலை எடுப்பாள்.
கண் காலில் இல்லை. அடுத்த மரத்தில்.
பால் ஆடவில்லை.

“எட்டி, ஆஸ்திரியாவுலயும் இப்பிடித்தான் கெடப்பியா?”
“அங்க இதுக்குத் துட்டு குடுக்கணும்.”
“விழுகதுக்கா?”
“எறங்கதுக்கு. ஒரு நாளைக்கு அறுவது யூரோ.”
வாளியைக் கீழே வைக்காமலே கணக்குப் போட்டாள்.
“எனக்கு எட்டு நாள் வெட்டு.”
அப்புறம், ரெண்டு மரம் தள்ளிப் போய்,
“அப்ப நான் இத்தன வருசமா ஓசியில எறங்குகேன், என்ன?”

எழுந்து, முதுகில் ஒட்டிய இலையைத் தட்டிவிட்டு,
ஒரு வாளியைத் தாயேன் என்றேன்.
என் காலைப் பார்த்தாள்.
செருப்பைப் பார்த்தாள்.
பாதி வாளியை நீட்டினாள்.

ஷெட்டுக்கு இன்னும் பதினோரு தட்டு இறங்க வேண்டும்.
செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன்.
முதல் திருப்பத்திலேயே
வெள்ளை எழும்பி விளிம்பை நக்கியது.
உடம்பு மேட்டுப்பக்கம் சாயப் பார்த்தது.