புரி பொருந்தேல்லை

கமநல சேவையிலை பேர் பதிஞ்சு
ஒன்பது மாதம் கழிச்சு வந்தது காத்துத் துவக்கு.
மூண்டு இடத்திலை கையெழுத்து.
மந்திக்கு மட்டும் எண்டு சொல்லித் தந்தவை,
நான் வேறை ஆரையோ நினைச்சிருந்த மாதிரி.

வரணியிலை பதினாலு பரப்பு.
தென்னை நாப்பத்தொண்டு, மிச்சமெல்லாம் கதலி.
குரும்பையைப் பிடுங்கி ஒரு கடி கடிச்சு எறியிற கூட்டம்
விடிய ஆறு மணிக்கு
வட்டிக்காசு வாங்க வாற ஆள் மாதிரி வரும்.

முதல் வெடி பெரிய வெடியில்லை.
காத்துக்குக் கதவு அடிபட்ட மாதிரி, அவ்வளவுதான்.
மந்தி ரெண்டு மரம் தள்ளிப் போய் இருந்தது.
வேலிக்கு அங்கால
நேசமலரக்கா தேங்காய் திருவிக்கொண்டிருந்தவ.
திருவலை நிண்டது.

நான் எண்ணினன், ஏனெண்டு தெரியாது.
நாப்பத்தேழிலை திரும்பத் தொடங்கிச்சு.
அடுத்த நாள் நூறு தாண்டியும் தொடங்கேல்லை,
குசினிக் கதவின்ரை கொண்டி விழுந்த சத்தம் மட்டும்.
பின்னேரம் கருவேப்பிலை கேட்டு வந்தவ.
அதைப்பற்றி ஒண்டும் கதைக்கேல்லை.

சனிக்கிழமை பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனன்.
கஸ்தூரியார் வீதியிலை ரெண்டு கடை
அப்பிடியொரு சாமானே இல்லையெண்டது.
மூண்டாவது தவபாலன்ரை கடை.
"சைலன்சரோ? எந்த மோட்டச்சைக்கிளுக்கு?"
துவக்குக்கு எண்டன்.
கடைக்குள்ளை நிண்ட எல்லாரும் திரும்பிப் பார்த்தினம்.
காத்துத் துவக்கு,
காத்து, வெறும் காத்து எண்டு
வாய் உலர உலரச் சொன்னன்.

மேல்தட்டிலை இருந்து ஒரு பிஸ்கற் பேணியை இறக்கினார்.
உள்ளுக்கை ரெண்டு.
ஒண்டு கறுப்பு, விளக்குமாத்துப் பிடி மொத்தம்,
என்ரை குழலுக்குப் புரி பொருந்தாது.
மற்றது ஆரோ பாவிச்சுத் திருப்பித் தந்தது,
வாய் நெளிஞ்சு கிடந்தது.
மூண்டாவது அவற்றை போனுக்குள்ளை படமா மினுங்கினது.
"கொழும்புக்கு வந்தால் இஞ்சையும் வரும்.
கொழும்புக்கு எப்ப வருமெண்டு என்னைக் கேளாதேங்கோ."
பொருந்தாத ஒண்டு, நெளிஞ்ச ஒண்டு, படத்திலை ஒண்டு.
எனக்குக் கலியாணம் பேசினதும் இப்பிடித்தான்.

"சத்தம் முழுக்கப் போகாது, அரைவாசி குறையும்."
நாப்பத்தேழிலை அரைவாசி இருபத்திமூண்டரை.
அந்த அரையை எப்பிடி எண்ணுறது எண்டு
அங்கையே நிண்டு யோசிச்சன்.

"ஆருக்குக் கேக்கக்கூடாது, குரங்குக்கோ?"
ஓம் எண்டன்.
"குரங்குக்குக் கேக்கத்தானே துவக்கு?"
மறுமொழி இல்லை.
போன் நம்பரைக் குடுத்திட்டு
பம்புக்கு ஒரு வாசர் வாங்கிக்கொண்டு வந்தன்,
வெறுங்கையோடை வர வெக்கமாயிருந்தது.

அண்டைக்குப் பின்னேரம் கதியாலடியிலை நிண்டு
துணிஞ்சு கேட்டன்.
அவ வாழையிலையை நறுக்கினபடி,
நிமிரேல்லை:
"வெடிக்க முதல் ஒரு குரல் தா தம்பி. போதும்."

விடிய, துவக்கைத் தூக்கிக்கொண்டு
"அக்கோய், வெடிக்கப்போறன்!"
அங்காலயிருந்து "ஓம்" எண்டு வந்தது.
வெடிச்சன். திருவலை நிக்கேல்லை.
நாலாம் நாள், நான் "அக்கோ" எண்டவுடனை
மந்தி பாய்ஞ்சு போட்டுது.
துவக்கு அலுமாரிக்குப் பின்னாலை சாய்ஞ்சது.
ஒரு மாதம் குரலாலையே காவல்.
தொண்டை கட்டிச்சு, மல்லித்தண்ணி குடிச்சன்.

நேற்றுத் தவபாலன் போன் எடுத்தார்.
"வந்திட்டுது. புரியும் சரி. விலைதான் கொஞ்சம்..."
ஒரு கிழமை வையுங்கோ எண்டன்.

இண்டைக்கு விடிய
பெரிய தாட்டான் ஒண்டு ஓட்டிலை குந்தியிருந்து
குரும்பையை உருட்டி உருட்டிப் பார்க்குது.
"அக்கோய்!"
அது அசையேல்லை.
என்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு கடி கடிச்சுது.
வேலிக்கு அங்கால
திருவலையும் நிக்கேல்லை.