ஹோவ்துக்கு ஐந்தாவது இருக்கை

"பேட்டரி மூச்சுவிடும் இடம் அது,
பையை எடுங்கள்" என்றாள் ஒயூன்.
பின்னிருக்கையின் விலாவில்
சீப்புப் பற்கள்போல ஒரு காற்றுத் துளை.
பையை மடியில் வைத்துக்கொண்டேன்:
பல் பிடுங்கும் குறடுகள், பஞ்சு, ஒரு ரொட்டி.
உலான்பாத்தரிலிருந்து ஹோவ்த் வரை
ஆயிரத்து நானூறு கிலோமீட்டரும்
அவை என் தொடையில் அழுந்தும்.

ஐந்தாவது ஆளுக்காக மூன்று மணி நேரம் நின்றோம்.
வரவில்லை. கிளம்பிவிட்டோம்.

பதினெட்டு வயது ஹைபிரிட்.
ஜப்பானில் யாரோ அலுத்துத் தள்ளிவிட்டது.
சாலையும் வலப்பக்கம், ஸ்டியரிங்கும் வலப்பக்கம்.
லாரியை முந்த வேண்டுமென்றால்
இடப்புறம் அமர்ந்த கல்பத்ராக்
கழுத்தை நீட்டிப் பார்த்து
"போ" என்பார், அல்லது "பொறு".

பொத்தானை அழுத்தினால் உறுமல் இல்லை.
ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில்
பணிவாக ஏதோ சொல்லும்.
ஒயூன் தலை தாழ்த்தி "ஆகட்டும்" என்பாள்.
ஐந்து வருடமாக, ஒவ்வொரு முறையும்.
வழிப்பயணம் நலமாகட்டும் என்கிறதாம்.

அர்வைகேர் தாண்டும்வரை வாக்குவாதம்.
சப்போரோவில் படித்துத் திரும்பிய தெல்கர்
இனிமேல் முழுக்க மின்சாரம்தான் என்றான்.
கல்பத்ராக் சன்னலைக் காட்டினார்.
வெள்ளை. வெள்ளைக்குள் ஒரு கூடாரம்.
அதன் வாசலில் பாயகலச் சூரியத் தகடு.
"ஒரு பல்பும் தொலைக்காட்சியும் ஓடும் அதில்.
உன் காரைச் செருகினால்
வசந்தம் வரும்வரை அவர்கள்
இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும்."
"நகரத்துக்குள் நல்லதுதான்" என்றாள் ஒயூன்
யாருக்கும் நோகாமல்.
"இது இரண்டுங்கெட்டான்.
அதனால்தான் எங்கேயும் போகிறது."

பயன்கோங்கருக்கு அப்பால் காற்று கிளம்பிற்று.
சாலை முதலில் மங்கியது, பிறகு இல்லை.
மைனஸ் முப்பத்தெட்டு.
முன்னால் ஒரு லாரிக்காரர்
உறைந்த டீசல் தொட்டிக்கு அடியில்
நெருப்பு மூட்டியிருந்தார்.
நெருப்பு படுத்தபடி எரிந்தது, அணைந்தது.
அவர் வந்து கதவைத் தட்டினார்.
ஐந்தாவது இருக்கை நிறைந்தது.

இரவு முழுக்க அந்த எஞ்சின்
தானாக எழும், ஓடும், ஓயும்.
ஓயும்போதெல்லாம் ஐந்து பேரும் பேச்சை நிறுத்துவோம்.
மறுபடி எழும்.
பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும்.
என் கருவித் தட்டை வாங்கிக்கொண்டு
மணிக்கொரு தரம் தெல்கர் இறங்கி
புகைக்குழாயைப் பனியிலிருந்து தோண்டிவிட்டு வருவான்,
இமைகள் ஒட்டிப்போய்.
பெட்ரோல் கோடுகள் நான்கு.
பிறகு மூன்று.
மூன்றாம் கோடு அழிந்ததை
யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

விடியப் பார்த்த ஏதோ ஒரு நேரம்
மிச்சம் பிடிக்க ஒயூன் எல்லாவற்றையும் அணைத்தாள்.
கண்ணாடியின் உட்புறம்
எங்கள் மூச்சு பூத்தது.
விரல்கள் மரத்ததும் மீண்டும் அழுத்தினாள்.
குரல் பேசியது.
"ஆகட்டும்" என்றாள்.
தெல்கர் சிரித்துவிட்டான்.
"அக்கா, அது வாழ்த்தில்லை.
'சுங்க அட்டை செருகப்படவில்லை' என்கிறது."

அந்த வெட்டவெளியில், அந்தக் காற்றில்,
சுங்கம் வசூலிக்க யார் இருந்தார்கள்?
கல்பத்ராக் குலுங்கியதில் வண்டியே குலுங்கிற்று.
லாரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
ஒயூன் மட்டும் சிரிக்கவில்லை.
ஸ்டியரிங்கில் கைவைத்து
வெகுநேரம் பனியைப் பார்த்திருந்தாள்.

காலையில் ஒரு கோடு மிச்சம்.
சாலை திரும்பி வந்தது, ஒன்றும் நடக்காததுபோல.
லாரியிடம் இறங்கியவர் சட்டைப்பையைத் தடவி
"நின்ற வண்டிக்கு என்ன வாடகை?" என்றார்.
"வண்டிதான் நின்றது, பெட்ரோல் நிற்கவில்லை"
என்று கையை நீட்டினாள்.
கொடுத்தார், கொஞ்சம் குறைத்து.

கணவாயின் கற்குவியல் அருகே
மூன்று முறை ஹாரன் அடித்தோம்.
அல்தாய் பங்கில் நாற்பத்திரண்டு லிட்டர் குடித்தது.
ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள்.
குரல் தன் புகாரைச் சொன்னது.
தெல்கர் அவளைப் பார்த்தான், நானும் பார்த்தேன்.

"ஆகட்டும்" என்றாள்.