ரோதியோன் காளான் கேட்டு வந்தான்

மார்ச் மாதம். ஒனேகா ஏரி இன்னும் உறைந்துதான் கிடந்தது.
கதவைத் திறந்தால் ரோதியோன்,
கையில் கழுவிய வெள்ளரி ஊறுகாய்ப் புட்டி.
"காளானில் ஒரு துண்டு கிடைக்குமா" என்றான்,
மேசையையும் வானொலியையும் பூனையையும்
கேட்காமலே எடுத்துப் போனவன்.

கொம்புச்சா என்று விலை ஒட்டி விற்கிறார்கள் இப்போது
பெரிய வீதிக் கடைகளில், ஒல்லிக் குப்பிகளில்.
எங்களுக்கு அது வெறும் காளான்.
சமையலறை அலமாரி உச்சியில்
மூன்று லிட்டர் சாடிக்குள்,
வாயில் துணியும் தலைமுடி ரப்பரும் கட்டிக்கொண்டு,
கூப்பிட்டால் திரும்பாத ஜீவன்.

டிராலிபஸ்ஸை நிறுத்திவிட்டு இரவு பத்துக்கு வருவேன்.
கறுப்புத் தேநீர், இருநூறு கிராம் சர்க்கரை.
அது ஆறும்வரை பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பேன்.
சூட்டோடு ஊற்றினால் செத்துவிடும்.
ரோதியோன் இரண்டு முறை கொன்றிருக்கிறான்.

உலோகம் ஆகாதென்று முன்பெல்லாம்
மோதிரத்தைக் கழற்றி உப்புக் கிண்ணத்தில் வைப்பேன்.
இப்போது அந்த வேலை மிச்சம்.

பத்து நாளில் மேலே ஓர் ஆடை படியும்,
முதலில் ஊதினால் கிழியும் மெல்லிசு.
பிறகு தடிக்கும். அடுத்த முறை அதன்மேல் இன்னொன்று.
எந்த அடுக்கு எந்த வாரம் என்று
எனக்கு மட்டும் தெரியும்:
இது அவன் பெட்டி கட்டிய வாரம்,
இது பணிமனையில் யாரோடும் நான் பேசாத வாரம்,
இது ஒன்றுமே நடக்காத வாரம்;
அதுதான் எல்லாவற்றிலும் கனமாக வந்திருந்தது.

எதைக் கொடுப்பது?
பெட்டி கட்டிய வாரத்தையே கொடுத்துவிட
ஒரு கணம் கை போனது.
கறுத்து, நார் நாராய்த் தொங்கியது அது.
பாவம், அதனிடம் என்ன கோபம்.
மேல் அடுக்கைப் பிரித்தேன்.
ஈரமாய் ஒரு சத்தம்.
பழைய புளிப்புநீரும் ஒரு குவளை ஊற்றினேன்.
உறை இல்லாமல் எதுவும் பிடிக்காது.

"புளித்துப் போச்சு" என்றுதான் அன்று சொன்னான்,
எங்களைப் பற்றி.
புளிப்பதற்கு நாளாகும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்
என்று அன்று சொல்லத் தோன்றவில்லை.
இன்று தோன்றியது.
புட்டியின் வாயில் துணியைக் கட்டினேன்.

வெளியே மைனஸ் பதினெட்டு.
கோட்டுக்குள் விலாவோரம் அணைத்துக்கொண்டு
படியிறங்கினான்.
பூனையையும் அப்படித்தான் கொண்டுபோனான்.

அன்றிரவே மீதியைக் குப்பிகளில் அடைத்தேன்.
ஒன்றில் இஞ்சி. ஒன்றில் பைன் குருத்து.
ஒன்றில் ஒப்லெபிகா,
முள்செடியில் காய்க்கும் அந்த ஆரஞ்சுப் பழம்,
அவனுக்கு வாடை பிடிக்காதென்று
ஏழு வருடம் வீட்டுக்குள் வராதது.
ஒரு கைப்பிடி போதும். மூன்று போட்டேன்.
தினம் மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும்;
இரவுப் பணி வந்தது, மறந்தேன்.

மூன்றாம் நாள் விடிகாலை வெடித்தது.
கீழ்வீட்டு வெனியமின்
துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடித்தான்.
என் கூரையில் மஞ்சளாய் ஒரு பெரிய தெறிப்பு.
ஏணி இருக்கிறது. துடைக்கவில்லை.
குப்பியின் அடியில் தப்பிய இரண்டு வாயை
கண்ணாடிச் சில்லுக்குப் பயந்து, வடிகட்டித் துணியில் நக்கிப் பார்த்தேன்.
தாடை கூசியது. நன்றாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்துக் குறுஞ்செய்தி:
"மூழ்கிக் கிடக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை."
"மூழ்கினால் பரவாயில்லை. ஆட்டாதே.
சன்னலோரம் வைக்காதே. பொறு" என்று எழுதினேன்.
கடைசிச் சொல்லை அழித்தேன்.
திரும்ப எழுதினேன். அழித்தேன்.
அந்த இடத்தில்
"பூனை எப்படி இருக்கிறது" என்று போட்டு
அனுப்பினேன்.