துரை வீட்டில் இல்லை

பிரெஞ்சில் இதன் பெயர் என்னவென்று
முதல் பக்கத்தைத் தின்ற இராமபாணப் பூச்சிக்குத்தான் தெரியும்.
மிச்சமிருப்பது இங்கிலீஷ்:
ஒரே அங்கம், ஒரே அறை, இரண்டு கதவு,
கடன்காரனுக்குப் பயந்து அலமாரிக்குள் நிற்கும் ஒருவன்.

குன்னூர் கிளப்பில் கணக்கெழுதும் எனக்கு
ஏலத்துக்குச் சாமான் எண்ணும்போது கிடைத்தது,
திரைமறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தவர்களின் பிரதி.
ஓரமெல்லாம் குறிப்பு. கைக்கொரு மை.

முதல் சீசனில் மனைவியாக ஒரு லெப்டினென்ட்.
மீசையை எடுக்க மாட்டேனென்று
கடைசிவரை விசிறியை இறக்கவில்லை.
நாலு இடத்தில் 'சிரிப்பு' என்று பென்சில்.
வேலைக்காரனுக்கு ஒரே வசனம்,
அதன் பக்கத்தில் வெறும் காகிதம்.

மறு வருஷம் அந்த வேஷக்காரனுக்குக் காய்ச்சல்.
கிளப் பட்லர் ராயப்பனை
கட்டிய தலைப்பாகையோடு மேடைக்குத் தள்ளினார்கள்.
கதவைத் திறந்தான்,
தினம் பத்துப் பேரிடம் சொல்வதைச் சொன்னான்:
"துரை வீட்டில் இல்லை."
சபை அடங்க மூன்று நிமிஷம் என்கிறது சிவப்பு மை.
சம்பளம் ஏறியதாக எந்த மையும் சொல்லவில்லை.

ஒரு போருக்குக் காகிதப் பஞ்சம், மறு போருக்கு ஆள் பஞ்சம்.
நடுவில் ஒருமுறை
ஜன்னல் வழியே மூடுபனி வந்து உட்கார்ந்ததில்
அலமாரி எந்தப் பக்கமென்று
நடிகனுக்கே தெரியாமல் போயிற்று.
டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டார்களாம்.

ஐம்பத்தொன்பதில் அருவங்காட்டு வெடிமருந்து ஆலைக்காரர்கள்
புத்தகத்தையும் அலமாரியையும் இரவல் வாங்கினார்கள்.
தமிழில் எழுதியது ஃபிட்டர் தேவசகாயம்.
மனைவி, டெலிபோன் எக்சேஞ்ச் ரோசலின்.
மீசையில்லாத முதல் மனைவி.
துப்பாக்கிதான் வெடிக்கவில்லை;
பட்டாளத்துக்கே மருந்து செய்கிறவர்கள்
திரைக்குப் பின்னால் வாயால் 'டுமீல்' என்றார்கள்.
வேலைக்காரனுக்கு இப்போது அறுபத்தேழு வசனம்.
கடன்காரனை உட்காரவைத்து டீ ஆற்றுகிறான்,
அலமாரிச் சாவி அவன் இடுப்பில்.

பத்து வருஷம் கழித்துத் திருப்பித் தந்திருக்கிறார்கள்.
அதற்கப்புறம் குறிப்பில்லை.

பட்டியலில் எழுதினேன்: தேக்கு அலமாரி, ஒன்று.
தாழ்ப்பாள் ஏன் உட்புறம் இருக்கிறது என்று
மேட்டுப்பாளையத்து மரக்கடைக்காரர் கேட்டார்.
பதில் சொல்வதற்குள் பாங்க் ஜீப் ஏறி வந்தது.
இறங்கியவர் கையில் நோட்டீஸ்.
"செக்ரட்டரி இருக்காரா?"

மாடியில் நாற்காலி நகரும் சத்தம்.
கதவை அகலத் திறந்து நின்றேன்.
சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை.
அவர் போனதும் பென்சிலைச் சீவி
ஓரத்தில் அதையும் குறித்தேன்.