கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?

மொன்டானாவின் வடக்கு விளிம்பில்
பன்னிரண்டு கட்டில் மருத்துவமனை.
அறுவை மருத்துவர் புதன்கிழமை வருவார்,
பனி விட்டால்.
மயக்கம் கொடுக்க நான் ஒருத்திதான்.
எனக்கு மேலே கையெழுத்துப் போட
இந்த மாநிலச் சட்டத்தில் ஆள் வேண்டாம்.
பகலில் அதற்குப் பெருமை என்று பெயர்.
இரவு இரண்டு மணிக்கு வேறு பெயர்.

நான் உறங்கவைக்காதவர்கள் இந்த ஊரில் குறைவு.
தபால்காரி, ஷெரீப்பின் தம்பி,
எனக்குக் கடன் மறுத்த வங்கிக்காரர்.
யாருக்கு எந்தப் பல் ஆடுகிறது,
யார் கழுத்து பின்னால் சாயாது,
யார் குடிக்கிற பீரைப் பாதியாக்கிச் சொல்வார்,
தெரியும்.
மளிகைக்கடை வரிசையில் முன்னால் நிற்பவரின்
பிடரியைப் பார்த்தே எடை போட்டுவிடுவேன்.
பழக்கம். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிப்ரவரி, செவ்வாய் இரவு.
டாக்டர் வான்ட்ரீஸ் ஒருநாள் முன்னதாகவே வந்து
மோட்டலில் தங்கியிருந்தது அதிர்ஷ்டம்.
குடலிறக்கம் முறுக்கிக்கொண்டு வந்த ஆள்
ஓரின் ஸ்டோல்ட்டி.
எங்களுக்குள் வாய்க்கால் தகராறு,
பதினொரு ஆண்டு.
என் அல்ஃபால்ஃபா வயலுக்கு மேலே
மதகில் பூட்டுப் போட்டவர்.
வழக்கு என் மாடுகளில் பாதியைத் தின்றது.

"கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?"
எல்லோரிடமும் கேட்பதுதான்.
"மதியம். கொஞ்சம் சூப்."
கூரையைப் பார்த்துச் சொன்னார்.

பொய்.
மாலை ஆறரைக்கு அவருடைய பச்சை பிக்கப்
கஃபே வாசலில் நின்றது.
கண்ணாடி வழியே பார்த்தேன்,
கிரேவி மிதந்த தட்டு,
பக்கத்தில் செர்ரி பை, பெரிய துண்டு.
அந்த வண்டி எங்கெங்கே நிற்கிறது என்று
பதினொரு ஆண்டாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
ஏனென்று கேட்டால் பதில் இல்லை.
பிரியமானவள் எவளும்
ஓர் ஆணை இத்தனை கவனித்திருக்க மாட்டாள்.

நான் எதிர்த்துப் பேசவில்லை.
'நிறைவயிறு' என்று எழுதினேன்.
லடோனாவின் விரல்களை எடுத்து
அவர் தொண்டைக் குருத்தெலும்பின் மேல் வைத்தேன்.
"நான் சொல்லும்வரை எடுக்காதே."
வெள்ளை மருந்து குழாயில் இறங்கியது.
கண் செருகும் நேரத்தில் ஓரின் முணுமுணுத்தார்:
"வெல்டாவிடம் சொல்லாதே,
பை தின்றதை."

அடுத்த மருந்து.
தோளில் ஒரு நடுக்கம் ஓடி அடங்கியது.
பிறகு நாற்பது நொடி
அவருக்கு மூச்சு இல்லை.
குரல்நாண்கள் தெரிந்தன,
வெளுத்து, திறந்து, பேச்சற்று.
குழாயை இறக்கிக் காற்றடைத்தேன்.
"இப்போது எடு."
எடுத்ததுதான் தாமதம்,
தொண்டை நிறைய கிரேவி பொங்கிவந்தது.
உறிஞ்சி எடுத்தேன்.
நுரையீரலுக்கு ஒரு சொட்டுப் போகவில்லை.

இரண்டு மணி நேரம்
தண்ணீரைப் பற்றி நான் நினைக்கவில்லை.
திரையில் எண்கள் ஓடின,
அவற்றோடு நானும் ஓடினேன்.
இல்லை, ஒருமுறை நினைத்தேன்.
குழாயை எடுத்தபின்
அவர் தாடையை ஏந்திப் பிடித்திருந்தபோது.
நீதிமன்றத்தில் இறுகிக் கிடந்த அதே தாடை.
கையில் கனமே இல்லை.
நரைமயிர் குத்தியது.

விழித்ததும் கேட்டார்,
"ஏதாவது உளறினேனா?"
"இல்லை."
அன்றிரவுக் கணக்கில்
ஆளுக்கொரு பொய்.

ஜூன்.
மதகில் அதே பூட்டு.
நெடுஞ்சாலையில் பச்சை பிக்கப் எதிரே வந்தது.
ஸ்டியரிங்கின் மேல் ஒரு விரல் எழுந்தது.
இங்கே எல்லோருக்கும் எழும் விரல்தான்,
அறியாத லாரிக்காரனுக்கும் எழும்.
எனக்கு மட்டும் எழாதிருந்தது.
நானும் ஒன்றைத் தூக்கினேன்.

தண்ணீர் வரவில்லை.
அல்ஃபால்ஃபா முழங்காலுக்கும் கீழே நிற்கிறது.
ஆறரைக்கு கஃபேயைக் கடக்கும்போது
இன்னும் வேகத்தைக் குறைக்கிறேன்,
இன்று என்ன தட்டு என்று பார்க்க.