ஒன்று புள்ளி எட்டு

"பெரிய வீடு வேண்டாங்க்கா" என்றாள் தேனம்மை.
"எல்லார் ஆல்பத்துலயும் அதே தேக்குத் தூண்,
அதே பூப்போட்ட தரை.
எங்களுக்கு டவுன் வேணும்."
சாத்தப்பன் தலையாட்டினான்.
பெங்களூரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த தலை,
கொஞ்சம் தாமதமாக ஆடியது.

ஆறரைக்கு ஐந்து விளக்கில் தொடங்கினோம்.
டீக்கடை பாய்லரின் ஆவி அவன் கண்ணாடியில் படிய
அவள் அதைத் துடைக்காமல் சிரித்தாள்.
பதினோரு கிளிக். ஒன்று தேறும்.

பிறகு முனீஸ்வரன் கோவில் தெரு.
பழஞ்சாமான் கடைகளுக்கு வெளியே
கதவைப் பிரிந்த நிலைகள் சாய்ந்து நின்றன.
ஒன்றுக்குள் அவளை, அடுத்ததற்குள் அவனை நிறுத்தினேன்.
எந்த வீட்டுக்குள் நுழைகிறோம் என்று
இருவருமே கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் தேவகோட்டை வண்டி
விசிலோடு பின்னால் வந்தது.
"கையைப் பிடிங்க" என்று கத்தினேன்.
அவன் பையைப் பிடித்தான்.

செக்காலை ரோட்டில் வெயில் ஏறிவிட்டது.
துணிக்கடைக் கண்ணாடிக்குள் பட்டுடுத்திய பொம்மைகள்,
வெளியே இவர்கள் வியர்வையோடு.
ஒரு நொடி நாலு பேருக்கும் கல்யாணம் போலிருந்தது.

இரவு கணினியில் போட்டுப் பார்த்தால்
எல்லாப் படத்திலும் ஒரு வாளி வண்டி.
ஐந்து விளக்கில் இளஞ்சிவப்பாய் ஓர் ஓரம்,
நிலைக்கு அப்பால் அடுக்கிய பச்சைக் குடங்கள்,
பஸ்ஸின் கண்ணாடியில் ஒரு முண்டாசு,
துணிக்கடைப் பிம்பத்தில்
தள்ளுகிறவனும் பக்கத்தில் நடக்கிறவளும்
முழுசாக, கூர்மையாக.
நான் ஃபோகஸ் செய்தது அவர்களைத்தானோ என்னவோ.

தேனம்மையின் வாய்ஸ் மெசேஜ்:
"அந்த வண்டிய மட்டும் எடுத்துடுங்கக்கா, ப்ளீஸ்."
எடுத்தேன்.
வாளிகள் இருந்த இடத்தில் தார் ரோட்டைப் பரப்பினேன்.
முகத்தை அழிக்க நாலு விநாடி.
நிழலுக்குத்தான் அரை மணி நேரம்.
அது சாத்தப்பனின் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அழிக்காத பிரதி ஒன்றை அச்சுப் போட்டு
செவ்வாய்க்கிழமை கழனிவாசல் பக்கம் அவர்களைப் பிடித்தேன்.
பஞ்சவர்ணம் படத்தைத் தூக்கிப் பார்த்தாள்.
"வாளி நல்லா விழுந்திருக்கு" என்றாள்.
சடையன் விலை கேட்டான்.
விலையில்லை என்றதும் சந்தேகமாகத் திருப்பிக் கொடுத்தான்.

"எங்கள நிக்க வச்சு ஒண்ணு எடுங்க.
இவுகளும் நானும் நின்னு எடுத்ததே இல்ல."
எங்கே வைத்து என்றேன்.
ஐந்து விளக்கு, கடைத்தெரு,
எனக்குத் தெரிந்த நல்ல வெளிச்சங்களையெல்லாம் சொன்னேன்.
என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
"அங்கதான் தெனமும் கெடக்கோமே.
பெரிய வீட்டுல எடுங்க."

பெரிய வீட்டுக்கு மணிக்கு மூவாயிரம்,
வரி தனி.
எனக்குத் தெரிந்த இன்னொன்று
உரிமைக்காரர்கள் ஈப்போவில் இருப்பதால் பூட்டியே கிடக்கிறது.
வாட்ச்மேன் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்துப் போனோம்.
சடையன் சட்டையில் கடை மடிப்பு கலையவில்லை.
வண்டியைத் தெருமுனையில், படத்துக்கு வெளியே,
அவனே நிறுத்திவிட்டு வந்தான்.

இரும்புக் கேட்டுக்கு முன்னால் நின்றார்கள்.
நடுவில் சரியாக ஒரு வண்டி அகலம்.
"நெருங்கி நில்லுங்க."
பாதி வண்டி அகலம் குறைந்தது.
"இன்னும்."
"இதுக்கு மேல எங்கிட்டு?" என்று அவள் சிரித்தபோது
அவன் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டான்.

கேட்டின் பூட்டு, தேங்காய் அளவு,
இரண்டு தலைகளுக்கும் இடையில் தொங்கியது.
இதை அழிக்கச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள்.
லென்ஸை ஒன்று புள்ளி எட்டுக்குத் திறந்தேன்.
மாடம், வளைவு, உள்வாசலில் விழும் வெயில்
எல்லாம் கரைந்து மஞ்சளாயின.
பூட்டும் கரைந்தது,
விளக்குப் போல.