கப்பலேறாத வண்டி

பொருள் தேடிப் பாலை கடப்பதைக் கேட்டிருக்கிறேன்.
பாலை கடக்கவே பொருள் தேடுவதை
வேட் ஸ்ட்ரிக்லினின் பட்டறையில்தான் பார்த்தேன்.
அங்கே கணக்கெழுதுவது என் வேலை.

பாரம்ப், நெவாடா. அக்டோபர் இரவு.
பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில்
குளிர் தரையோடு தரையாக நுழைகிறது.
டயர் ரசீதின் முதுகில் வேட் எழுதுகிறார்:
ஐரோப்பாத் துறைமுகம் வரை ஒரு கப்பல்,
அங்கிருந்து செங்கடலுக்கு இன்னொன்று
(பிரெஞ்சுக்காரனுக்கு இரண்டாவது மட்டும் போதும்),
நுழைவுக் கட்டணம், காப்பீடு,
உதவி லாரி, அதை ஓட்ட ஆள்,
மூன்று மெக்கானிக்குகளுக்கு விமானமும் சோறும்.
இரண்டு வாரப் பந்தயம்.
வண்டி வீடு திரும்ப மார்ச் ஆகும்.

கூட்டி முடித்து
பேனாவைக் காதில் செருகிக்கொண்டார்.
"வீடு" என்றார்.
வீட்டின் விலை அது.

ஷாக் அப்சார்பர் கம்பெனி கிர்பி
போனில் நல்லவிதமாகவே பேசினார்.
"அந்த மணலில் என் சரக்கை யார் வாங்குவான், வேட்?
பாஹாவுக்குப் போ, எட்டும் இலவசம்."
பொய்யில்லை.
இந்தப் பக்கத்திலிருந்து போன கெண்டல் ஃபாய்
பைக்கில் பதினோராவதாக வந்தான்,
மணிக்கட்டு உடைந்து, ஆறு நாள் அப்படியே ஓட்டி.
பெட்ரோல் பங்கில் கேட்டார்கள்:
"எங்கே ஆளையே காணோம், லீவா?"

பாஹா என்றால்
வெள்ளி கிளம்பித் திங்கள் வேலைக்கு வந்துவிடலாம்.
முன்கூட்டியே போய்
அதே தடத்தை நான்கு முறை ஓட்டிப் பார்க்கலாம்.
எந்தக் கள்ளிக்குப் பின்னால் பள்ளம்,
வண்டி துள்ளுவதைப் பார்க்கப் பையன்கள்
எந்த வளைவில் கல் அடுக்குவார்கள்,
வேட்டுக்கு எல்லாம் மனப்பாடம்.

அங்கே மனப்பாடத்துக்கு வேலையில்லை.
வழி அன்றைக்குத்தான் கைக்கு வரும்:
ஒரு குறி, ஒரு தூரம், ஒரு திசை.
வாசிக்க வேண்டும்.

வாசிக்க டெல்ஃபினா இருக்கிறாள்.
டெல்ஃபினா ஒசூனா, பகலில்
வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் வாசிப்பவள்.
மூன்று வருடமாக ராத்திரியில் குறிகளைப் படிக்கிறாள்.
தன் டிரக்கின் மைல் கணக்கை
கிலோமீட்டருக்கு மாற்றி வைத்திருக்கிறாள்.
மாமியார் வீட்டு மொழியைப் பேசிப் பழகுவதுபோல்.

ஒரு ஞாயிறு, ஜிபிஎஸ் மேல் டேப் ஒட்டி
வேட்டை ஏற்றிக்கொண்டு போனாள்.
அவள் தங்கை மகன் எழுதிய வழிக் குறிப்பு,
வேட் முப்பது வருடம் உழுத அதே பாலை.
நாற்பத்தேழாவது கிலோமீட்டரில்
"இருநூற்றுப் பத்து பாகை" என்றாள்.
"அங்கே ஒன்றுமில்லை, எனக்குத் தெரியும்."
"தெரிந்ததை ஓட்டாதே. சொன்னதை ஓட்டு."

ஓடை மணல். இடது. மறுபடி இடது.
பிறகு, கூரையிழந்த ஒரு டால்க் சுரங்கம்,
வெள்ளை வெளேரென்ற மண்,
அவர் வீட்டிலிருந்து நான்கு மைல்.
முப்பது வருடத்தில் பார்த்ததேயில்லை.
எஞ்சினை நிறுத்தினார்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
ரொம்ப நேரம்
இரண்டு பேரும் முன்கண்ணாடியையே பார்த்தார்கள் என்று
அவள்தான் சொன்னாள், அவர் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பாஹாவுக்குப் பணம் கட்டச் சொன்னார்.
கட்டினேன்.

தோற்றால் மானம் கப்பலேறும் என்பார்கள்.
இங்கே மானம் பத்திரமாக இருக்கிறது.
கப்பலேறாதது வண்டிதான்.

ரசீதை யாரும் கிழிக்கவில்லை.
கம்ப்ரசருக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.
போன வாரம் பார்த்தேன்,
மூன்று மெக்கானிக் என்ற இடத்தில்
மூன்றை அடித்துவிட்டு
பென்சிலில் இரண்டு என்று எழுதியிருக்கிறது.

கையெழுத்து அவருடையதில்லை.
மீட்டர் அட்டைகளில் பார்த்த இரண்டு அது,
வால் நீண்ட இரண்டு.
கூட்டுத்தொகையைத் திருத்தி வைத்தேன்.
இன்னமும் வீடுதான்,
கார் ஷெட் மட்டும் மிஞ்சும்.